ஆமைப் படகோட்டி சொன்னது

பூதலிங்கம் அண்ணாச்சி கையில் பொன்னாடையைப் பார்த்ததும், வந்தது தப்பு என்று தெரிந்துவிட்டது. ஜவுளிக்கடைப் பையிலிருந்து சரிகை ஓரம் எட்டிப் பார்த்தது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு எதற்குப் பொன்னாடை என்று அவரிடம் கேட்க ஆள் கிடையாது. கேட்டாலும், "ஒரு மரியாதைதாம்மா" என்பார். சரிகை இல்லாத மரியாதை அந்த மனுஷருக்கு மரியாதையே இல்லை.

இது எங்கள் தொழில்காரர்களின் கூடுகை. வீடியோ கேம்களைத் தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள், மொழிபெயர்த்ததைச் சரிபார்க்கிறவர்கள், கேமை ஓட்டிப் பார்த்துப் பிழை பிடிக்கிறவர்கள் என்று திருநெல்வேலியைச் சுற்றி ஒரு இருபது பேர் தேறுவோம். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருத்தர், காயல்பட்டினத்திலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி வருவார்கள். எல்லோருக்கும் வீட்டில் இருந்தபடி வேலை. எந்த கேம் என்று வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று கம்பெனி கையெழுத்து வாங்கிவிடுவதால், நாங்கள் என்ன செய்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. சும்மா உட்கார்ந்து தின்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். அதனால்தான் அவ்வப்போது வண்ணார்பேட்டையில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலைப் பிடித்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். அண்ணாச்சிதான் அமைப்பாளர். டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தவர், காலத்தைப் பார்த்து கேமுக்கு மாறிக்கொண்டார்.

நானும் என் கணவர் கார்த்திகேசனும் ஜோடியாக வேலை செய்தோம். அவர் மொழிபெயர்ப்பார், நான் சரிபார்ப்பேன். போன ஐப்பசியில் ஒரு நாள் காலை அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார் டாக்டர். முந்தின நாள் வலி, கிலி என்று ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லல. இருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பாவ" என்றேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். எல்லோருக்கும் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல, அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. அவருக்கே தெரியாமல் போய்விட்டார். நான் இத்தனை மாதமாகப் பிடித்துக்கொண்டு நின்றது இந்த ஒன்றைத்தான்.

நான் அழவில்லை. அழுதால் பாரம் இறங்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உட்கார்ந்து முயற்சிகூடச் செய்து பார்த்தேன், வரவில்லை. உள்ளே மரத்துப்போய்விட்டது. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, துணி துவைத்துக் காயப்போட்டேன். கோபம் மட்டும் மரத்துப்போகவில்லை. அதுவும் பெரிய விஷயத்துக்கெல்லாம் வராது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்டைச் சாத்தாமல் போனால் வரும். சரிகைப் பொன்னாடையைப் பார்த்தால் வரும்.

அன்றைய கூடுகைக்கு ஒரு விசேஷம் இருந்தது. கார்த்திகேசன் கடைசியாக மொழிபெயர்த்த கேம் அப்போதுதான் வெளிவந்திருந்தது. வெளிவரும்வரை ஒவ்வொரு கேமுக்கும் கம்பெனி ஒரு பொய்ப்பெயர் வைத்திருக்கும். இதற்கு மாதுளை என்று பெயர். தீவு தீவாகப் போய் எதையோ தேடும் கதை. எதை என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது, ஏனென்றால் எங்களுக்குக் கதையைக் கொடுக்கமாட்டார்கள். வரிகளை மட்டும் முன்பின் இல்லாமல் கொட்டிவிடுவார்கள். பேசுகிறவன் ராஜாவா, பேயா, பெட்டிக்கடைக்காரனா என்று ஊகித்து எழுத வேண்டியதுதான். முழுக்கத் திருநெல்வேலிக்காரர்களே தமிழாக்கம் செய்த முதல் பெரிய கேம் என்பதால் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய திரை வைத்திருந்தார்.

"கார்த்திகேசன் போகல" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "யாரு சொன்னா போயிட்டான்னு? இந்த கேம்ல ஒவ்வொரு வரியிலயும் அவன் பேசுதான். நாம கேக்கத்தான் செய்யுதோம்."

சூனியக்காரியும் குள்ளனும் பேசும் வரிகளில் அவர் எங்கே இருந்து பேசுவது என்று நினைத்தேன். கைதட்டினார்கள். பொன்னாடை தோளுக்கு வந்தது. புழுக்கமாக இருந்தது. கழற்றினால் யாராவது பக்கத்தில் வந்து ஆறுதல் சொல்வார்கள் என்று அப்படியே விட்டுவிட்டேன். என் பக்கத்தில் கிறிஸ்டி உட்கார்ந்திருந்தாள். பாளையங்கோட்டைக்காரி, எங்களோடு பல வருஷம் வேலை செய்தவள். கார்த்திகேசன் போன பிறகு மாதுளையில் பாக்கியிருந்ததைச் சரிபார்த்து அனுப்பியவள் அவள்தான். என்னால் அந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை. வந்ததிலிருந்து அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வியர்த்துப்போய் விடுவித்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் எப்போதும் ஒரு பகுதி உண்டு. சிரிப்புப் பிழைகள் என்று பெயர். கேமுக்குள் யாராவது கண்டுபிடித்த தவறான வரிகளைத் திரையில் காட்டுவார்கள், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது, அது எங்கள் கட்டுப்பாடு. அன்று சல்மான் ஃபாரிஸ் என்பவர் எழுந்து போனார். மேலப்பாளையம், முப்பது வயதிருக்கும். பிழை பிடிக்கிற வேலை. எங்களோடு சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கார்த்திகேசனை அவர் பார்த்ததே இல்லை, என் பெயரும் தெரியாது, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"கடைசியா ஒண்ணு. நம்ம மாதுளையிலயே ஒரு சாமான் மாட்டிருக்கு" என்றார் சல்மான். "சும்மா பாத்தா தெரியாது. நாலாவது தீவுக்குப் போகணும். இருட்டுனப்பெறவு படகுக்காரன்ட்ட போய்ப் பேசணும். பாருங்க."

திரையில் ஒரு படகுத்துறை. நீலமான இருட்டு. படகோட்டி ஓர் ஆமை. தலையில் ஓலைத்தொப்பி, கையில் அரிக்கேன் விளக்கு. சல்மான் திரையோடு இணைத்திருந்த தன் போனில் பொத்தானை அமுக்கினார். 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து, ஆமையின் தலைக்கு மேல் எழுத்து விரிந்தது.

"சித்ரா, நெஞ்சு கரிச்சிக்கிட்டே இருக்கு. இதுக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்கு. நான் போய்ப் படுக்கேன். காலைல நீ பாரு."

ஹால் அதிர்ந்தது. படகு ஓட்டச் சொன்னால் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிப் படுக்கப் போகும் ஆமை. நானும் சிரித்தேன். வாய் தானாகச் சிரித்துவிட்டது. என் பெயரை நான் படித்தது அதற்குப் பிறகுதான்.

"ஆடுத ஆளுகளுக்கு இவன்மேல ஒரே பைத்தியம்" என்று சல்மான் தொடர்ந்தார். "சித்ரா யாருன்னு கமெண்டுல ஒரு சண்டையே ஓடுது. அவன் பொண்டாட்டி, கடல்ல முங்கிப் போயிட்டாளாம்னு ஒரு கூட்டம் சொல்லுது. அடுத்த பாகத்துல வருவா பாருன்னு இன்னொரு கூட்டம்."

மறுபடி அமுக்கினார். 'டிங்.' அதே வரி. முன்வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு நடுவில் நின்றது. எல்லோரும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள், பார்த்ததும் குனிந்துகொண்டார்கள். சல்மானுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று இன்னொரு தடவை அமுக்கினார். அண்ணாச்சி போய் அவர் கையிலிருந்து போனை வாங்கி, காதில் ஏதோ சொன்னார். அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அது எங்கள் வீட்டுப் பழக்கம். கார்த்திகேசன் கண்விழித்து எழுதுகிறவர். நான் சீக்கிரம் படுத்து, விடிந்ததும் சரிபார்க்க உட்காருவேன். அவருக்கு ஒரு வரி பிடிபடாவிட்டால், மொழிபெயர்ப்பு எழுதவேண்டிய அந்தக் கட்டத்துக்குள்ளேயே எனக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போவார். குறிப்பு எழுத வேறு இடம் உண்டு, ஆனால் அதைக் கம்பெனி பார்க்கும். நான் காலையில் அதை அழித்துவிட்டுச் சரியான வரியை எழுதுவேன். வேலை சம்பந்தமாக மட்டும் எழுதுவார் என்றில்லை. காபிப்பொடி தீர்ந்தது, தாழையூத்திலிருந்து அவர் தங்கை கூப்பிட்டது, எல்லாம் அதில்தான் வரும். நேரில் சொன்னால் நான் மறந்துவிடுவேன், அதில் எழுதினால் ஒவ்வொரு வரியாகப் படித்துத்தானே ஆகவேண்டும் என்பார்.

அன்றைக்குக் காலையில் நான் படிக்கவில்லை.

நெஞ்சு கரிக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கே எப்போதும் சொல்வாரோ அங்கேயே சொல்லியிருக்கிறார். நான் ஊர் முழுக்க, ஒன்றுமே சொல்லவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது உள்ளே ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி, கீழே வைத்திருந்த வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளி பாதி நிறைந்திருந்தது.

கிறிஸ்டி பக்கத்தில் விம்மிக்கொண்டிருந்தாள்.

"நீ இதப் படிக்கலியா?" என்று கேட்டேன்.

"படிக்கலக்கா. அண்ணன் எழுதுன கடைசி ஃபைலு. அதுல போய்த் தப்புக் கண்டுபிடிக்க எனக்கு மனசு வரல. எழுதாம கெடந்த கடைசிக் கொஞ்சத்த மட்டும் எழுதிச் சேத்தேன். அண்ணன் எழுதுனதுல ஒரு எழுத்தத் தொடல. ஜெபம் பண்ணிட்டு அப்படியே அனுப்பிட்டேன்."

சரிபார்க்கக் கொடுத்ததை ஜெபம் பண்ணி அனுப்பியிருக்கிறாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் கிழித்திருப்பேன். கோபம் வரவேண்டிய இடம்தான். அதுவும் வரவில்லை. "சரி, கண்ணத் தொடச்சுக்கோ" என்றேன்.

சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினோம். இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். வடை நன்றாக இருந்தது, இன்னொன்று கேட்டு வாங்கினேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் என் வாயைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். சல்மான் சாப்பிடாமல் வந்து நின்றார்.

"அக்கா, சத்தியமா தெரியாது. தெரிஞ்சா அதப் போட்டிருப்பனா."

"தெரியாதுன்னு தெரியும். உக்காந்து சாப்பிடும்."

"நான் இத இன்னும் கம்பெனிக்கு எழுதிப் போடல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அப்டேட்டுக்கு வரிகள முடிக்காங்க. அதுக்குள்ள சொன்னாத்தான் மாத்துவாங்க. நான் சொல்லல. அது அப்படியே இருக்கட்டும்."

அண்ணாச்சி ரசத்தோடு கையை உதறிவிட்டு எழுந்து வந்தார். "அத அழிக்கவே கூடாதுவே. கம்பெனிக்காரனுக்குத் தமிழ் தெரியுமா? ஆயுசுக்கும் கண்டுபிடிக்க மாட்டான். கல்வெட்டு கணக்கா நிக்கட்டும். நான் காலைல சொன்னேம்லா, வரியில பேசுதான்னு. சும்மா வாய்க்கு வந்தத சொன்னேன், கடவுளே வந்து காட்டிட்டாரு."

"ஆமாக்கா, இருக்கட்டும்" என்றாள் கிறிஸ்டி. "அண்ணனே பேசுத மாதிரி இருக்கு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். காயல்பட்டினத்து நஃபீஸத் அழுதேவிட்டாள். அத்தனை பேருக்கும் என்னைவிட அதிகமாக ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்கள்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. நான் கையைக் கழுவிவிட்டு வந்து, சல்மானிடம் போனைக் கேட்டேன்.

ஆமை விளக்கோடு நின்றுகொண்டிருந்தது. அமுக்கினேன். நெஞ்சு கரிக்கிறது என்றது. மறுபடி அமுக்கினேன். நெஞ்சு கரிக்கிறது, போய்ப் படுக்கிறேன் என்றது. அவசரமே இல்லை அதற்கு. நான் எத்தனை தடவை அமுக்கினாலும் அத்தனை தடவையும் பொறுமையாகச் சொன்னது.

"இத எத்தன பேரு ஆடுதாங்க?" என்று கேட்டேன்.

"தமிழ்ல மட்டும் ரெண்டு லட்சம் பேரு எறக்கியிருக்காங்க" என்றார் சல்மான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

ரெண்டு லட்சம் பேர். பஸ்ஸில், பாத்ரூமில், பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சில். ஒவ்வொருவரும் துறைக்கு வந்து பொத்தானை அமுக்குவார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள், படம் எடுத்துக் கூட்டாளிக்கு அனுப்புவார்கள், போய்விடுவார்கள். ஒரு ஆளாவது எழுந்து, என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது, வாருங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கேட்கப்போவதில்லை. நானும் கேட்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"அழிக்கணும்" என்றேன்.

"ஏம்மா சித்ரா, கொஞ்சம் நிதானமா யோசி" என்றார் அண்ணாச்சி. "போனா வராது."

"அது எனக்கு எழுதுனது அண்ணாச்சி. ஊருக்கு எழுதல. காலைல நீ பாருன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ, நான் இன்னும் பாக்கல. இங்கன எல்லாரும் சேந்து அதக் கல்வெட்டா ஆக்கினா, நான் எப்பப் பாக்க?"

அண்ணாச்சி ரசக் கையைக் கழுவப் போனார்.

மாடிக்குப் போனோம். ஹாலில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மாற்றும் உரிமை கிறிஸ்டி பெயரில்தான் இருந்தது. மடிக்கணினியைத் திறந்து கோப்பை எடுத்து, என் பக்கம் பைய நகர்த்தினாள். இடப்பக்கம் ஆங்கில மூலம். இருட்டிய பிறகு படகு போகாது, விடிந்ததும் வா என்று அர்த்தம். இதற்கா அவருக்கு ஒன்றும் ஓடவில்லை? இதைவிடக் கஷ்டமான வரிகளைக் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதியிருக்கிறார். இந்தச் சின்ன வரிக்கு ஓடவில்லை என்றால் அவருக்கு அப்போது எவ்வளவு முடியாமல் இருந்திருக்க வேண்டும். இது எனக்கு அன்றைக்குக் காலையில் படித்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் காலையில் தெரிந்து ஒன்றும் ஆகியிருக்காது. அதுவும் தெரிந்தது.

வலப்பக்கக் கட்டத்தில் இருந்ததை அழித்தேன். கட்டம் வெள்ளையாக இருந்தது. "இருட்டினால் படகு கிடையாது. பொழுது விடியட்டும், வா" என்று எழுதினேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கிழட்டு ஆமைக்குப் பொருத்தமாக இருந்தது. சல்மான் தன் பங்குக்குப் பிழை அறிக்கையை எழுதினார். காரணம் என்ற இடத்தில் விரல் நின்றது.

"என்னக்கா போட?"

"மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, அழிக்க விட்டுப்போச்சுன்னு போடும். அதான் நடந்தது."

கிறிஸ்டி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்ததும் அனுப்பினாள். அவ்வளவுதான். முடிந்தது என்று பச்சை நிறத்தில் ஒரு கோடு வந்தது.

"இது எப்ப மாறும்?" என்று சல்மானிடம் கேட்டேன்.

"அப்டேட்டு நாளைக்குக் காலைல எறங்கும்."

"அப்ப இன்னைக்கு ராத்திரி?"

"இன்னைக்கு ராத்திரி பழையதுதான் இருக்கும்."

"அந்தத் தீவுக்கு எப்படிப் போகணும்? எனக்குச் சொல்லிக் குடும்."

பத்து வருஷமாக கேம் வரிகளைத் திருத்துகிறேன், ஒன்றைக்கூட ஆடியது கிடையாது. அது அவர்களுக்கும் தெரியும். சல்மான் கிறிஸ்டியைப் பார்த்தார்.

"நாலாவது தீவுக்குப் புதுசா ஆடுதவங்க போக ஆறேழு மணி நேரம் ஆகும்க்கா. என் போனக் கொண்டு போங்க. கேம் அங்கனதான் நிக்குது. நாளைக்குத் தந்தாப் போதும்."

"வேண்டாம். அதுல உம்மகிட்டத்தான பேசுதாவ. என்ட்ட பேசணும்."

அவர் என் போனை வாங்கி கேமை இறக்கித் தந்தார். ஒரு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, தானும் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். கடல் சத்தம் கேட்டது. படகில் ஓர் ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இந்த முதுகுதான் நீங்கள் என்றார் சல்மான். விளையாட்டைத் தொடங்குமுன் ஆடுகிறவரின் பெயரைக் கேட்டது.

சித்ரா என்று எழுதினேன்.